ஆவிக்குக் கடைசிக் கடிதம்

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. இந்த ஒரு வரியைப் பதினான்கு வயதில் சொல்லியிருந்தால் என் மானம் இன்றைக்கும் முழுசாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மில்லிக்கனில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி என் உயிர்த்தோழி வதனி இருந்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்துச் சீட் என்னுடையது. அப்போதுதான் ஹொங்கொங்கிலிருந்து லிங் வந்து சேர்ந்தாள். அவளுடைய பை நிறைய மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகள், சீன மொழியில். ஆவியாக வரும் அழகான பையன், அவனைக் காதலிக்கும் பள்ளி மாணவி. லிங் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் சொல்ல, வதனி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். மூன்றாம் வாரம் என் சீட்டில் லிங் இருந்தாள்.

(எனக்குப் பொறாமை இல்லை. வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.)

"உதெல்லாம் சீனத்திலை மாத்தினது. நான் ஒறிஜினலையே வாசிப்பன்," என்றேன் வதனியிடம்.

"ஜப்பான் பாஷையோ? நீயோ?"

"ஓம். அப்பா கப்பலிலை வேலை செய்யேக்கை படிச்சவர். எனக்கும் சொல்லித் தந்தவர்."

கப்பல் உண்மை. அப்பாவுக்கு ஜப்பானிய மொழியில் தெரிந்தது 'நன்றி' மட்டும். அதையும் பிழையாகத்தான் சொல்வார்.

"அப்ப என்ர பேர்த்டேக்கு வந்து வாசிச்சுக் காட்டு," என்றாள் வதனி.

பிளாசாக் கடையொன்றில் ஒரு தடித்த ஜப்பானியச் சஞ்சிகையை வாங்கிக்கொண்டு போனேன். வதனி வீட்டு பேஸ்மென்டில் எட்டுப் பெண்கள், அவர்களில் லிங்கும் ஒருத்தி. சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்த வதனியின் அம்மா சாந்தி அன்ரி, கதை கேட்கப் படியிலேயே இருந்துவிட்டார்.

நாங்கள் வழக்கமாகப் புத்தகம் திறக்கும் பக்கத்தால் திறந்தேன். முதற்பக்கத்தில் ஒரு பெண் இரு கைகளாலும் கன்னங்களைப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் நீர்த்துளிகள், பக்கத்தில் நிறைய எழுத்து.

"இது ஆவிக்கு அவள் எழுதின கடைசிக் கடிதம்," என்று குரலை நடுங்கவிட்டேன். "என் உயிரே, நீ காற்றானாலும் நான் உனக்காகக் காத்திருப்பேன்..." (லிங்குக்காக ஆங்கிலத்திலும் நடுங்கினேன்.)

அடுத்த பக்கத்திலேயே ஆவியும் அவளும் முத்தமிட்டார்கள். அன்ரி அவசரமாக ரோல்ஸைப் பார்த்தார். பிறகு கைகோத்தார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள். கதை முடியும்போது முன்பின் தெரியாதவர்கள்போல ஒருவரையொருவர் கடந்து போனார்கள். எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"அவள் அழக்கூடாதெண்டு அவளின்ரை ஞாபகத்தையெல்லாம் ஆவி அழிச்சுப்போட்டுது."

வதனி விம்மினாள். "பாவமடி அந்தப் பெடியன்," என்று அன்ரியும் கண்ணைத் துடைத்தார். லிங்கின் கதைகளுக்கு ஒருவரும் அழுததில்லை! அதோடு நிறுத்தியிருக்கலாம். நானோ பெருந்தன்மையோடு சஞ்சிகையை லிங்கிடம் நீட்டி, "சீன எழுத்துக் கொஞ்சம் இருக்கு, நீயும் முயற்சி செய்து பார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

லிங் தயங்கினாள். "நீ கடைசியிலிருந்து வாசித்திருக்கிறாய். ஜப்பானியப் புத்தகம் மற்றப் பக்கத்தால்தான் தொடங்கும்."

"அப்ப அந்தக் கடிதம்?" என்று மூக்கை உறிஞ்சினாள் வதனி.

லிங் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு எழுத்துகளை விரலால் தொட்டாள். "முகம்... கழுவுதல்... இது முகப்பருவுக்கான சவர்க்கார விளம்பரம்."

முதலில் வெடித்துச் சிரித்தது அன்ரிதான். தட்டிலிருந்த ரோல்ஸ் படிப்படியாக உருண்டு இறங்கின. நான் யாருடையவோ சப்பாத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் தலையைக் குனிந்தபடி பின்சீட்டில் தனியாக இருந்தேன். லிங் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"புத்தகத்தில் இருக்கிற கதையை வாசித்துப் பார்த்தேன். உன்னுடையதுதான் நல்லது. அவளுக்கு ஞாபகம் திரும்பி வருமா?"

நான் யோசித்து யோசித்துச் சொல்லத் தொடங்கினேன். முன்சீட்டிலிருந்த வதனி எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய வயிற்றிலும் அடுப்பு மூண்டது தெரிந்தது. (எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.)

பல வருடங்களுக்குப் பிறகு என் கல்யாணத்தில், தாலி ஏறியதும் நான் உருகி அழுதேன். சபையே நெகிழ்ந்திருந்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து சாந்தி அன்ரியின் குரல் கேட்டது:

"என்ன பிள்ளை, சவர்க்காரம் கண்ணுக்குள்ளை போயிட்டுதோ?"

விளக்கம் கேட்ட மாப்பிள்ளைக்கு வதனியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எதற்கு அழுதாலும் அவர் ஆறுதல் சொல்வதில்லை. முகம் துடைக்கத் துவாயைத்தான் எடுத்து நீட்டுகிறார்.