ஆளுக்குப் பாதி கன்வேயர்

மாமனார் தொழிலில் மாப்பிள்ளை தன் மூளையைக் காட்டவே கூடாது. காட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் திருவள்ளூர் பக்கம் ஒரு ஷெட் சாட்சியாக இருந்தது. (இப்போது அங்கே கல்யாண மண்டபம். யார் பத்திரிகை வைத்தாலும் நான் போவதில்லை.)

எழுபதுகளில் என் மாமனார் அங்கே இருமல் மருந்தைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்துவந்தார். வியாபாரம் படுத்துவிட்ட நேரத்தில் மெட்ராஸ் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னது. ஆனால் பாட்டிலைக் கையால் தூக்கக் கூடாது, கன்வேயர் பெல்ட்டில்தான் ஓட வேண்டும், அதை நேரில் வந்து பார்ப்போம் என்றது. ஆர்டர் கிடைக்காவிட்டால் தீபாவளிக்குள் ஷெட்டுக்குப் பூட்டுதான்.

வீட்டிலேயே இரண்டு என்ஜினீயர்கள். நான் ஒருவன், என் மனைவியின் அண்ணன் தாமு இன்னொருவன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே கர்வம். மொத்த லைனும் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு பாகங்களுக்கு இறங்குவது என் முறை. இருக்கிற மெஷினில் தொடங்கி ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக்கொண்டே போவது அவன் முறை. எது சிறந்தது என்று ஒப்பிடக் கட்டம் போட்டோம். செலவு, நேரம், ரிப்பேர் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டோம். என் தாளில் நான் ஜெயித்தேன். அவன் தாளில் அவன் ஜெயித்தான்.

மாமனார் நொந்துபோனார். "இன்னா மாப்ளே இது, ஒரே பேஜாரா கீது. தாமு மருந்து ஊத்துற பக்கத்துலேர்ந்து கட்டிக்கினு வரட்டும். நீங்க பேக்கிங் பக்கத்துலேர்ந்து வாங்க. எவன் பாதி நல்லா ஓடுதோ, அடுத்த லைனுக்கு அந்த முறையையே வெச்சிக்கலாம்."

நியாயமான தீர்ப்புதான். மேதாவிகள் இருவரும் அதைப் போட்டியாக்கினோம். ஒருவன் வரைபடத்தை இன்னொருவன் காப்பியடித்துவிடக் கூடாதே என்று அவரவர் பீரோவில் வைத்துப் பூட்டினோம். (பெண்டாட்டியிடம்கூட நான் காட்டவில்லை. அண்ணன் பாசத்தில் உளறிவிடுவாள் என்று பயம்.)

இரண்டு பாதியும் நடுவில் சந்தித்த அன்று, அவன் பெல்ட் என் பெல்ட்டைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

"நீ எறக்கு," என்றேன்.

"நீ ஏத்து," என்றான்.

யாரும் மசியவில்லை. கடைசியில் மாமனாரே ஒரு பலகையைச் சரிவாக வைத்து ஆணி அடித்தார்.

கம்பெனிக்காரர் வெள்ளை பேன்ட், வெள்ளை ஷூவில் வந்தார். மெதுவாக ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. "ஃபுல் ஸ்பீடுல காட்டுங்க," என்றார். பலகையில் சறுக்கி வந்த முதல் பாட்டில் குப்புற விழுந்தது. அதன் மேல் அடுத்தது. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். என் பாதி மட்டும் நின்றது. ஆளுக்கு ஒரு கன்வேயர் என்றால் ஆளுக்கு ஒரு சுவிட்ச்தானே. தாமுவின் பாதி பாட்டில்களை அனுப்பிக்கொண்டே இருந்தது.

"தாமு, நிறுத்துப்பா."

"உன்னுதுதான் நின்னுபோச்சு மாப்ளே. என்னுது நல்லாத்தானே ஓடுது. நான் இன்னாத்துக்கு நிறுத்தணும்?"

மாமனார் கண்ணாடித் துண்டுகள் மேல் நடந்துபோய் மெயின் சுவிட்சை இழுத்தார். இருமல் மருந்து தெறித்து வெள்ளை ஷூ சிவந்துவிட்டது. வந்தவர், தனக்காக வாங்கிவைத்த காபியைக்கூடத் தொடாமல் கிளம்பினார்.

தீபாவளிக்கு முன்பே பூட்டு விழுந்தது. தாமு வேலை தேடிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனான். நான் காலம் முழுக்க மெட்ராஸ் வேலைக்கு ரயிலில் தொங்கினேன். மாமனார் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஷெட் சாவியை மட்டும் தினமும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோது, தாமு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். கஞ்சி டம்ளரை அவர் மேலாகத் தாமுவிடம் நீட்டினேன். அவன் கை நீட்டினான். மாமனார் கண்ணைத் திறந்து இருவர் கையையும் பார்த்தார்.

"பாத்துப்பா," என்றார். "நடுவுல ஒரு சாண் கீது."

இருமும்வரை சிரித்தார். நாங்கள் அழுதோம். அதுதான் அவர் எங்களிடம் கடைசியாகப் பேசியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பந்தியில் யார் எதைக் கைமாற்றினாலும், "நடுவுல ஒரு சாண் கீது," என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். தாமுவும் நானும் மட்டும் எழுந்து, பக்கத்தில் போய், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வோம்.