முப்பத்தொரு ஊதா நாக்குகள்

"எங்க புள்ள, நாக்க நீட்டு!"

கண்ணகை நீட்டினாள். கனகசிங்கம் வாத்தியார் இரண்டடி பின்னால் போனார்.

"நாவற்பழமா திண்ட நீ?"

"ஓம் ஐயா."

"மத்தவங்க?"

முப்பத்தொரு நாக்குகள் ஒன்றாக வெளியே வந்தன. எல்லாம் ஊதா. உதடுகளும் ஊதா. கண்ணகையின் மேசையில் ஒரு ஓலைப்பெட்டி நிறைய நாவற்பழம் வேறு. வாத்தியார் அதைப் பறித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குத் தேற்றாத்தீவுப் பள்ளிக்கு டொக்குத்தர் வருகிறார், பிள்ளைகளின் பல்லைப் பார்க்க. நல்ல பல் உள்ள பள்ளிக்கு வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்ட பத்திரம் கிடைக்கும். போன வருடம் அது பக்கத்து ஊருக்குப் போனதிலிருந்து வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலை மணி அடித்ததும் எல்லாரும் வரிசையில் நின்று வேப்பங்குச்சியால் பல் தீட்ட வேண்டும். பள்ளி வேம்பில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு குச்சி மிச்சமில்லை. தன் பிள்ளைகளின் பல்லைப் போல மட்டக்களப்பிலேயே கிடையாது என்று சந்தையில் மீன் வாங்கும்போதும் சொல்வார். இன்றைக்குப் பாயிலிருந்து எழும்பிய கையோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பத்திரம் மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்.

இப்போது அந்த ஆணிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"டீச்சர், புளி இருக்கா?"

"இருக்கு ஐயா," என்றாள் உதவி ஆசிரியை அன்னப்பூரணி. "ஆனா பிள்ளையள்ர பல்லப் பாத்தீங்களா?"

"பல்லப் பாக்க எங்க நேரம்? நாக்கப் பாருங்க நாக்க!"

நாக்குகளில் புளியைத் தேய்த்தார்கள். ஊதா அசையவில்லை. எச்சில்தான் ஊறி வழிந்து வெள்ளைச் சட்டைகளில் ஊதாவாகச் சொட்டியது.

"உப்பு கொண்டாங்க!"

உப்பைத் தேய்த்தார்கள். தாகம் தாங்காமல் முப்பத்தொரு பேரும் கிணற்றடிக்கு ஓடினார்கள். வாளி கிணற்றுக்குள் விழுந்தது. தள்ளுமுள்ளில் சட்டைகள் நனைந்து, சொட்டாக இருந்த ஊதா தேசப்படம்போல் பரவியது.

அந்த நேரம் பார்த்துக் காரின் சத்தம் கேட்டது.

"ஐயோ! ஒருத்தரும் வாய் திறக்கப்படாது!" என்றார் வாத்தியார். கையில் இன்னும் பழப்பெட்டி. ஒளிக்க இடமில்லை. சாட்சி மிஞ்சக்கூடாதென்று அத்தனையையும் தன் வாய்க்குள்ளேயே அள்ளிப் போட்டுக் கொட்டைகளை ஜன்னலால் துப்பினார்.

டொக்குத்தர் உள்ளே வந்தார்.

"பேர் என்ன மகன்?"

"ம்ம்."

"உனக்கு?"

"ம்ம்."

"என்ன வாத்தியார், இங்க பேசப் படிப்பிக்கிறல்லையா?"

"ம்ம்," என்றார் வாத்தியாரும்.

டொக்குத்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் வாயத் திறங்க!"

திறந்தார்கள். வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டொக்குத்தர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் பிள்ளையையும் பார்த்து நிமிர்ந்தார்.

"நாப்பது பள்ளிக்கூடம் பாத்திட்டன்," என்றார் பிறகு. "இப்பிடிப் பல்லு எங்கயும் காணல்ல. ஒரு சொத்தையில்ல, ஒரு அழுக்கில்ல. பத்திரம் உங்களுக்குத்தான். ஆனா நாக்கெல்லாம் ஏன் இப்பிடி?"

வாத்தியார் கண்ணைத் திறந்தார். கண்ணகை முன்னால் வந்தாள்.

"பல்லுல அழுக்கிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதெண்டு ஐயா சொன்னவர். நாவற்பழம் திண்டாத் தெரியும். தீட்டாத பல்லுலதான் ஊதா ஒட்டும். இண்டைக்குத் தீட்டிப்போட்டு நாங்க ஆளுக்கொரு பழம் திண்ட. ஒட்டினவங்க திரும்பத் தீட்டின."

"இத ஆர் சொல்லித் தந்த?"

"நாங்களேதான் கண்டுபிடிச்ச."

டொக்குத்தர் பத்திரத்தைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டினார். வாத்தியார் பத்திரத்தையும் பிள்ளைகளையும் மாறிமாறிப் பார்த்தார். குச்சி பிடிக்கத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார்; பிள்ளைகள் அதையும் தாண்டிப் போய்விட்டார்களே! பெருமை தாங்காமல், எல்லாவற்றையும் மறந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

அத்தனையும் ஊதா. கண்ணகை எட்டி அவர் வாயைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு வேப்பங்குச்சி ஒடிச்சிற்று வாறன். நீங்க இண்டைக்கு இன்னும் பல்லுத் தீட்டல்லதானே?"