சாயங்காலம் ஐந்தரைக்கு விடிந்தது

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை

பொதட்டூர்பேட்டையில் இருக்கும் மதிப்பிற்குரிய சடையப்பன் மாமா அவர்களுக்கு, மைத்துனன் மோகன்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஹேமாவதியும் மகள் கவிப்பிரியாவும் நலம். நான் ஓய்வாக இருக்கிறேன். அக்காவுக்கு முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் ஹேமாவதி காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் என்னவென்றால், எங்கள் கம்பெனியில் இந்த மாதம் முதல் பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எடுத்துவிட்டு, அதே சம்பளத்துக்கு எட்டு மணி நேரம் ஆக்கிவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கே வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பதினோரு வருஷமாக வீடு என்றால் சாப்பிட்டுத் தூங்கும் இடம் என்றிருந்தவன் நான். சும்மா உட்கார முடியாமல் சமையலறையில் டப்பாக்களை எல்லாம் அளவு வாரியாக அடுக்கி வைத்தேன், மாமா. உப்பு எங்கே என்று தேடித் தேடிக் களைத்த ஹேமாவதி, "இன்னாயா, ஊட்ல வந்து சூப்பர்வைசர் வேலை பாத்துக்கினு கீற? பேஜாரு பண்ணாம போய்ப் படு" என்றாள்.

சரியென்று படுத்தேன். அதுதான் வம்பாகிவிட்டது. கண் விழித்தால் மணி ஐந்தரை, வெளியே மங்கலாக வெளிச்சம், ஹேமாவதி வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலமும் வாசல் தெளிப்பாள் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கெப்படித் தெரியும்? அவசரமாகப் பல் துலக்கி, யூனிபார்ம் மாட்டி, ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவளோ ஓவர்டைம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். தெருமுக்கில் வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் ஏறி வழக்கம்போல ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். இறங்கினால் வேறு கம்பெனி, மாமா. இன்னமும் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் கம்பெனி, நைட் ஷிப்டு பஸ். வாட்ச்மேன் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க கம்பெனியில வேலை பத்தலயா நைனா, இங்க வந்துகிற?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

பள்ளிக்கூடக் கதை இதைவிடக் கேவலம். செவ்வாய்க்கிழமை கவிப்பிரியாவைக் கூப்பிடப் போய், ஆறாம் வகுப்பு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு பிள்ளையாக முகம் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து வந்து, "நைனா, நான் எட்டாவது" என்றது குழந்தை. திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த முகத்தை அடிக்கடி பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஆகையால், எங்கள் மேனேஜர் ஆதிகேசவன் சார் உங்களோடு படித்தவர்தானே, எனக்கு மட்டும் பழைய பன்னிரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓய்வெல்லாம் பழகியவர்களுக்குத்தான் சரிப்படும்.

அக்காவை இரவில் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் இருவர் கால்களிலும் இங்கிருந்தே விழுந்து எழுந்துகொள்கிறேன்.

தங்கள் அன்பு மைத்துனன்,
மோகன்ராஜ்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. எட்டாம் வகுப்பு வாசலிலேயே நின்றேன். கவிப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்த பிள்ளைகளிடம், "எங்க நைனா. இனிமே டெய்லி வருவாரு" என்றாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, மாமா. அவளாகவே சொல்லிவிட்டாள். ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது, வீணாக்கக்கூடாது என்றுதான் அனுப்புகிறேன். ஆதிகேசவன் சாரிடம் வாயைத் திறந்துவிடாதீர்கள்.