மாப்பிள்ளை வீட்டோடு ஓர் இணையதளம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதையும் நலத்தில் சேர்த்துக்கொண்டு பல வருடம் ஆகிறது. அங்கே உங்கள் நலமும், என் மகள் நலமும், உங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் நலமும் அறிய ஆவல். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் "பரவால்ல மாமா" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா.

குடைக்கு எதற்கு இணையதளம் என்று முதலில் கேட்டவன் நான்தான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், என் கடையின் அறுபத்து மூன்று வகைக் குடைகளையும் விரித்து ஒரு படம், மடக்கி ஒரு படம் எடுத்து, தளத்தை நீங்களே கட்டி, வெளியே வாடகைக்கு இடம் பிடிக்கக்கூட விடாமல் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே குடிவைத்தீர்கள். நானும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், என் கடை மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர், "வீட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கேன், மாப்பிள்ளை வீட்டோட வெப்சைட் இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றார். எனக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது. உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றியதும் நேரே போய் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். கதகதவென்று இருக்கும். கடை நடக்கிறது என்று மனது நிறைந்துவிடும்.

இதில் ஒரே ஒரு சிக்கல், அதுவும் உங்கள் மேல் தப்பில்லை, மழையின் மேல்தான் தப்பு. வெயில் அடிக்கும்போது குடைக்கடைத் தளத்தை எவனும் எட்டிப் பார்ப்பதில்லை, நாலு தூறல் விழுந்தால் ஊரே ஒரே நேரத்தில் வந்து தட்டுகிறது. அதே மழையில்தான் உங்கள் வீட்டில் துவைத்த துணி காயாது. துணி காயாவிட்டால் என் மகள் இஸ்திரிப் பெட்டியை எடுப்பாள், கூடத்தில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட், இந்தப் பெட்டியைப் பிடுங்கினால்தான் அந்தப் பெட்டி சூடாகும். ஆக ஊருக்குக் குடை தேவைப்படுகிற நேரம் பார்த்து என் கடை படுத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக்காரர் தொழிலாளிகளுக்கு இருநூறு குடை வேண்டும் என்று கொட்டுகிற மழையில் தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறார், திறக்கவில்லை, வேறு கடைக்குப் போய்விட்டார். நான் பதறிப்போய் மகளுக்குப் போன் செய்தால், "ரெண்டு சட்டைதாம்பா பாக்கி, அஞ்சு நிமிஷம்" என்கிறாள். அன்றைக்கே அவளிடம் சொன்னேன்: "இனிமே மழை நாள்ல இஸ்திரி போடாதேம்மா." ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிப்பா, நீங்க சொன்னா சரிதான்" என்றாள். இப்படியும் ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறோமே என்று உங்கள் அத்தையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

அதற்குப் பிறகு தளம் ஒருநாள்கூடப் படுக்கவில்லை. ஆனால் போன வாரம் வீடியோ காலில் உங்கள் சட்டையைப் பார்த்தேன். அதைச் சட்டை என்று சொல்ல நாக்கு வரவில்லை. நேற்று ராத்திரி வீட்டுக்குப் போகவில்லையா என்று மேலதிகாரி கேட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். போனை வைத்ததும் உங்கள் அத்தை பிடித்துக்கொண்டாள். "நீங்க குடை விக்கறதுக்கு அந்தப் புள்ள கசங்கணுமா? கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி மடிப்புக் கலையாம வந்து நின்னாரு. இப்பப் பாருங்க, மூட்டையில இருந்து எடுத்த மாதிரி இருக்காரு." தளத்தை வேறு இடத்துக்கு மாற்றுவதே சரி என்று முடிவு செய்தேன். அதை உங்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதில்தான் ஒரு வாரம் போய்விட்டது.

கடைத்தெரு மாடியில் இணையதளங்களுக்கு இடம் கொடுக்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். பகிர்வு ஹோஸ்டிங் என்று ஒன்று, விலை குறைவு, பல பேர் தளம் ஒரே இடத்தில் இருக்கும் என்றாள். பக்கத்துக் குடித்தனம் யார் என்று கேட்டேன், சொல்ல முடியாதாம். அவர்கள் வீட்டுக்குக் கூட்டம் வந்தால் நம் வீட்டுக்கு வழி அடைபடுமாம். ஒரு குழாயும் ஒரு குளியலறையுமாக ஐந்து குடும்பத்தோடு பதினோரு வருடம் இருந்தவன் நான், இனி வாளியை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாதம்மா என்று சொல்லிவிட்டேன். அடுத்து விபிஎஸ், ஒரே கட்டடம்தான், ஆனால் தனி வாசல், தனிப் பூட்டு. பூட்டுப் பழுதானால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு அது ஆகாது. தனி சர்வர் என்றால் முழு வீடும் நமக்கே. அறுபத்து மூன்று வகைக் குடைக்கு அவ்வளவு பெரிய வீடு எடுத்து யார் பெருக்குவது? கடைசியாகத்தான், "கிளவுட்னு ஒண்ணு இருக்கு சார், மேகம்" என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்பது வருடமாக மேகத்தை நம்பிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

"மேகம் இல்லாத மாசத்துல என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அப்ப தேவை குறைவுதானே சார், அதுவா சுருங்கிக்கும். கூட்டம் வந்தா அதுவா விரிஞ்சுக்கும்."

"மழைக்கு விரியும், வெயிலுக்கு மடங்கும்."

"ஆமா சார், கரெக்டா புரிஞ்சுக்கிட்டீங்க."

அவள் சொன்னது மேகத்தையா குடையையா என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டும் நம் தொழில்தானே என்று சரி சொல்லிவிட்டேன். அவள் நம் தள முகவரியைத் தட்டிப் பார்த்து, "சார், உங்க தளம் ஏற்கெனவே" என்று ஆரம்பித்தாள். "ஏற்கெனவே மாப்பிள்ளை வீட்டுல இருக்கும்மா, தெரியும்" என்று நான் முடித்துவிட்டேன். நம் குடும்ப விஷயம் அவளுக்கு எதற்கு? பழைய இடத்துக் கடவுச்சொல் மட்டும் வேண்டுமாம்.

அதனால் மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் அதை எழுதி அனுப்புங்கள். உங்கள் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. உங்கள் சட்டைக்காகத்தான் போகிறேன். மகளிடம் இனி எந்த மழையிலும் இஸ்திரி போடலாம் என்று சொல்லுங்கள். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், கசங்காமல் கலங்காமல் நீடூழி வாழ உங்கள் அத்தையும் நானும் மனமார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கிறாள். இருநூறு குடை கைவிட்டுப் போன அதே வாரம் நீங்களே தளத்தை மேகத்துக்கு மாற்றிவிட்டீர்களாமே. "நீங்க வந்ததும் பெட்டியத்தான் தொட்டுப் பாக்கறீங்க, மாத்திட்டோம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு அவரு அதைச் சும்மாவே ஓட விட்டிருக்காருப்பா" என்றாள். அப்புறம் ஏன் இஸ்திரி போடவில்லை என்று கேட்டேன். "நீங்க போடாதேன்னு சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு" என்கிறாள். நான்தான் போட வேண்டாம் என்றேன் என்பதற்காக நீங்களும் இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் மூன்று மாதம் அப்படியே வேலைக்குப் போயிருக்கிறீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. உங்கள் அத்தையிடம் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

மேலே எழுதியது எதுவும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். ஆனால் பெட்டியை அணைத்துவிடாதீர்கள். அடுத்த மாதம் வரும்போது நாலு பாயிண்ட் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று வாங்கி வருகிறேன். அது இத்தனை நாள் நம் மூன்று பேரில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது உங்கள் அத்தைக்குத் தெரிய வேண்டாம். நான் வழக்கம்போல் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "நல்லா ஓடுதா மாப்ள?" என்று கேட்பேன். நீங்களும் வழக்கம்போல் "நல்லா ஓடுது மாமா" என்று சொல்ல வேண்டும், இஸ்திரி போட்ட சட்டையில்.