மானம் காக்கும் சாலைச் சீரமைப்பு

தமிழ்ப் பெண்ணின் கற்பு எங்கே இருக்கிறது என்று புலவர்களெல்லாம் காலங்காலமாகத் தேடித் திண்டாடினார்கள். கடைசியில் புக்கிட் பெலிம்பிங் கோயில் தலைவர் தேவதாஸ்தான் கண்டுபிடித்தார். அது செம்பனைத் தோட்டத்து மண் சாலையில், குழிகளுக்கு நடுவே இருக்கிறது.

கண்டுபிடிப்புக்குக் காரணம் மாதவி. தேவதாஸின் தங்கை மகன் சசிகுமாருக்கு நிச்சயமான பெண், கிளினிக்கில் தாதி. அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் குலுங்கிக் குலுங்கித்தான் வேலைக்குப் போவாள். அந்தக் குலுக்கலில் "அது" என்ன ஆகும்? தேவதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் அவசரக் கூட்டம் போட்டார். பெண்ணையும் அழைத்தார், நீதிமான் அல்லவா!

"மோட்டாரை விட்டுரும்மா. முத்திரை உடைஞ்சா ஒட்ட முடியாது லா."

"முத்திரையா? மாமா, அது யோனி வாசல்ல இருக்கிற மெல்லிசான சவ்வு…"

தேவதாஸ் பாய்ந்து மைக்கை அணைத்தார். "சாமி சந்நிதியில பேசற பேச்சா இது?"

"சந்நிதியில கேட்டது நீங்கதானே? அது ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அதைப் பார்த்து எந்த டாக்டராலயும் எதையும் சொல்ல முடியாது."

"டாக்டருக்குத் தெரியாது. முதலிரவு விரிப்புக்குத் தெரியும்," என்றார் பொருளாளர் அப்பளசாமி.

"நிறைய பேருக்கு ரத்தமே வராது, அங்கிள்."

பொருளாளருக்குத் தன் வீட்டு முதலிரவு விரிப்பு ஞாபகம் வந்தது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

மாதவி சசிகுமாரைப் பார்த்தாள். அவன் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டே, "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

மோட்டாரை விட முடியாது என்று மாதவி சொல்லிவிட்டாள். ஆகவே, பெண் இறங்கி வராவிட்டால் சாலை ஏறி வரட்டும் என்று குழு "ஒருமனதாக" முடிவெடுத்தது. லோரியில் கல் வந்தது. தார் வந்தது. சாலை கண்ணாடியாகிவிட்டது. திறப்பு விழாவில் தேவதாஸ் ரிப்பனை வெட்டி முழங்கினார்:

"நம் பெண்களின் மானம் இனி குலுங்காது!"

கைதட்டல் ஓயும்வரை மாதவி காத்திருந்தாள். பிறகு நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றிச் சசிகுமார் கையில் வைத்துவிட்டு, தேவதாஸிடம் வந்தாள்.

"மாமா, போன தீபாவளி சமயத்துல நம்ம தோட்டத்துத் துளசி அக்காவைப் பிரசவத்துக்கு இந்த வழியாத்தான் வேன்ல கொண்டு போனோம். குழியில வண்டி மாட்டிக்கிச்சு. பிள்ளை தங்கல. சாலை போடச் சொல்லி அவங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட வந்து அழுதாரே, அப்ப ஏன் கூட்டம் போடலை?"

தேவதாஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னம்மா நீ, படிச்ச பொண்ணு! அது பொம்பளைங்க சமாச்சாரம். அதையெல்லாம் கோயில் கூட்டத்துல எடுக்க முடியுமா?"