ஏழு பாட்டன்களும் ஒரு கசையும்

கொச்கோர் ஊருக்கு வெளியே, ஆவி ஓட்டி வைத்தியம் பார்க்கும் கல்மாமத் பக்ஷியின் வெள்ளைக் கூடாரத்தின் முன்னால் கார்கள் நின்ற வரிசையைப் பார்த்தால், உள்ளே இறைவனே இறங்கி வந்து டீ குடிக்கிறார் என்றுதான் நினைப்பீர்கள். மறதிக்கு மருந்தில்லா வைத்தியம்! மனிதரின் ஆவி மேயப் போய்த் தொலைந்துவிடுகிறதாம்; பக்ஷி குதிரைக் கசையைக் காற்றில் சுழற்றி அதை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாராம். கூலி, தலைக்கு ஓர் ஆடு. ஆவிகள் திரும்பினவோ இல்லையோ, ஆடுகள் தவறாமல் அவர் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.

ஜூமாகதீர் பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். பார்க்கின்சன் நோயில் முதலில் கை நடுங்கியது, பிறகு யோசனையும் மெதுவானது. மாத்திரையோடு நடை, பாட்டு, ஒன்பது குழி ஆட்டம் என்று மூளைக்கும் வேலை கொடுக்கச் சொன்னது ஆஸ்பத்திரி. மனைவி பூருல் தினமும் அவரோடு கூழாங்கல் போட்டு ஆடினாள். மகன் எர்கின்பெக்குக்குத்தான் பொறுமை கிடையாது. "டீயா, குதிரைப்பாலாப்பா?" என்பான், அவர் வாய் திறப்பதற்குள் குதிரைப்பாலை ஊற்றிவிடுவான். அவன்தான் அவரை இங்கே இழுத்து வந்தான்; பூருலும் கூடவே வந்தாள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நானும் இருந்தேன்.

"பெரியவரே, ஏழு பாட்டன் பேரச் சொல்லும்!" என்றார் பக்ஷி. ஏழு தலைமுறை முன்னோர் பெயர் தெரியாமல் போவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் கிர்கிஸ் மக்களுக்கு இல்லை.

கசை சுழன்றது. பக்ஷி உறுமினார், துப்பினார், கூடாரத்தையே சுற்றி வந்தார். கடைசியில் ஜூமாகதீர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஏழும் சரி. கூட்டம் விம்மி அழுதது.

"ஆவி வந்துடுச்சு! ஆனா அந்தக் கூழாங்கல்லு மறுபடி குழிக்குள்ள இழுத்துடும். மாத்திரையும் ஆகாது. என்ன பெரியவரே, ஆட்டத்த விடுறீரா?"

"விட்டுடுவாருங்க," என்று மகன் முந்திக்கொண்டு, மாத்திரைப் பொட்டலத்தை அடுப்பில் போடப் போனான்.

பூருலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டலத்தைப் பிடுங்கினாள். "பக்ஷியாரே, கசைய இங்க குடுங்க. அடுத்த ஆள நான் கேக்குறேன்."

"உனக்கு ஏதும்மா அந்தச் சக்தி?"

"இல்ல. அதனாலதான் கேக்குறேன்."

கூட்டம் சிரித்தது; அவரால் மறுக்க முடியவில்லை. வாங்கிய கசையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அடுத்தவர் தொக்தோசுன், அதே நோய். துணைக்கு வந்தது மருமகள். மாமனார் வீட்டு முன்னோர் பெயரை மருமகள் வாயால் சொல்லவே கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே எடுத்துக் கொடுக்க வழியே இல்லை.

"அய்யா, உங்க ஏழு பாட்டன் பேரு என்ன?" என்று கேட்டுவிட்டு, பூருல் ஒரு கிண்ணம் டீ ஊற்றி ஊதி ஊதிக் குடித்தாள். "யாரும் வாயத் திறக்காதீங்க."

கிண்ணம் காலியாவதற்குள் தொக்தோசுனின் உதடு அசைந்தது. ஒரு பெயர். இன்னொன்று. ஏழும் வந்தன. மருமகள் கண் கலங்கத் தலையாட்டினாள்.

"பாத்தீங்களா? இவங்களுக்கு வேண்டியது நேரம். அவரு கசைய வச்சுக் காத்திருந்தாரு, நான் டீய வச்சுக் காத்திருந்தேன்."

"டீக்கு எத்தன ஆடுக்கா?" என்றது ஒரு குரல்.

"இந்தப் பெரியவரோட ஆவி... வாசல்லயே நின்னிருக்கும்," என்று முனகினார் பக்ஷி.

"அப்ப என் ஆட்டையும் வாசலுக்கு ஓட்டிட்டு வாரும்!" என்று எழுந்தாள் ஒருத்தி.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஜூமாகதீர் பேசினார். "விட மாட்டேன்."

எல்லோரும் திரும்பினோம்.

"ஆட்டத்த விட மாட்டேன். நேத்து நாந்தான் ஜெயிச்சேன்."

எர்கின்பெக் தலை குனிந்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

நோய் வந்து மெதுவானது அவர்கள் மூளை, அய்யாமாரே. நோயே இல்லாமல் நின்றுபோனது நம்முடையது. அதை ஓட்டக் கசை வேண்டாம்; கொஞ்சம் யோசித்தால் போதும்.