கருப்பு பனியன் மேல ஸ்பீக்கர் பெட்டி அளந்த கதை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. புதுசா செஞ்ச ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள எத்தனை லிட்டர் இடம் இருக்குன்னு அளக்கணும்.

காருக்கு ஊஃபர், அதாங்க பேஸ் சத்தத்துக்குன்னே இருக்கற பெரிய ஸ்பீக்கர், வாங்கியிருந்தேன். பெட்டி முப்பது லிட்டர் இருந்தாத்தான் பேஸ் அதிருமாம். இல்லாட்டி சத்தம் தகர டப்பாதானாம்.

பெட்டிக்குப் படம் போட்டது நான். டிக்கிக்குள்ள கச்சிதமா உக்காரணும்னு முதுகுப் பக்கம் சாய்வு, ஒரு மூலை வெட்டு, உள்ள குறுக்குச் சட்டம். ஆசாரி என் படத்த நம்பி அப்படியே செஞ்சுட்டார். பாவம்!

நீள அகல உயரத்தப் பெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை.

ஊட்டுக்காரி கேட்டா: "ஏனுங்க, தண்ணி ஊத்தி அளந்தா ஆகாதுங்களா?"

"பலகை ஊறி உப்பிரும். அரிசி போட்டு அளக்கட்டுமா?"

"அரிசி மூட்டையத் தொட்டீங்கன்னா, ராத்திரிக்கு அந்த ஸ்பீக்கரத்தானுங்க திங்கோணும்!"

நேரா பிரவுசிங் சென்டர் போனேன். எவனோ ஒரு மகான் வழி சொல்லியிருந்தான். தெர்மோகோல் உருண்டைய நிரப்பி, அதை அளவு போட்ட வாளியில கொட்டிப் பார்க்கணுமாம்.

ஒரு மூட்டை உருண்டை வாங்கினேன். ஊட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டா. சரி, கம்பெனி எதுக்கு இருக்கு?

திருப்பூர்ல, அவிநாசி ரோட்டுப் பக்கம் பனியன் கம்பெனிங்க. தெச்ச பனியன்ல குறை பார்க்கற செக்கிங் செக்சனுக்கு நான்தான் இன்சார்ஜ். சாப்பாட்டு நேரம், கரண்ட் வேற இல்லை. ஃபேன் ஓடல, துளி காத்தில்லை. கடவுளே எனக்காகக் கரண்டப் புடுங்கியிருக்கார்னு நெனச்சேன்.

எங்க செக்சன்ல வேலை பார்க்கற தூத்துக்குடிப் பக்கத்து ஜெசிந்தாக்கா மட்டும் எட்டிப் பார்த்தாங்க. "அண்ணாச்சி, கருப்பு பனியன் பீஸெல்லாம் மேசைல கெடக்கே. சாயங்காலம் கன்டெய்னர் ஏறணும். மூடாண்டாமா?"

"பயப்படாதீங்கக்கா. விஞ்ஞான முறைங்க இது."

பெட்டிய விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். கட்டிப்புடிச்சுத் தூக்கி வாளிக்கு மேல கவுத்தேன்.

கரண்ட் வந்துருச்சு!

ரெண்டு பெரிய ஃபேனும் ஒண்ணாச் சுத்துச்சு. திருப்பூர்ல பனி பெய்ஞ்சத நான் மட்டுந்தான் பார்த்திருக்கேன். பெய்ஞ்சதெல்லாம் கருப்பு பனியன் மேல! தட்டினா போகல. தேய்ச்சா இன்னும் நாலு உருண்டை வந்து ஒட்டுச்சு.

அப்பத்தான் சரக்கு வாங்கற பையரோட க்யூசி, அதாங்க தரம் பார்க்க வர்றவர், உள்ள வந்தார். ஒரு பனியன எடுத்து, கண்ணாடிய ஏத்திவிட்டுப் பார்த்தார்.

"இந்த வெள்ளைப் புள்ளி பிரிண்ட் சாம்பிள்ல இல்லியேங்க?"

"பிரிண்ட் இல்லீங்க சார்"னு 'ஃபூ'ன்னு ஊதிக் காட்டினேன். உருண்டை பனியன விட்டுட்டு அவர் மீசையில ஒட்டிக்குச்சு.

அதுக்கப்புறம் மொத்த செக்சனும் கையில பேக்கிங் டேப்பப் பசை வெளிய இருக்கற மாதிரி திருப்பிச் சுத்திக்கிட்டு ஒவ்வொரு பனியனா ஒத்தி எடுத்துச்சு. ஜெசிந்தாக்கா ஒரு வார்த்தை திட்டல. "விஞ்ஞானம்"னு மட்டும் அப்பப்ப சொல்லிக்கிட்டாங்க.

கன்டெய்னர் எப்படியோ கெளம்பிருச்சு. க்யூசி போறப்ப என் பக்கத்துல வந்து கேட்டார்: "கடைசியில எத்தனை லிட்டருங்க?"

இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா பெட்டி இப்பவும் கம்பெனியிலதான் கெடக்கு; செக்கிங் செக்சன் மொத்தத்தோட டிபன் பாக்ஸும் அதுக்குள்ள அடங்குதுங்க.